என் லாரிக்குப் பின்னாடி ஒரு பீடி

நேத்து நல்லா இருட்டுன நேரம். பெட்ரோல் கெடைக்காம கரி எரிச்சு அந்தப் புகையில ஓடற என் பழைய லாரி, எருமப்பட்டி மேட்டுல நடக்கற வேகத்துல ஏறிட்டிருந்துச்சு. பின்னாடி தொப்புன்னு ஒரு சத்தம்.

எறங்கிப் பாத்தா, ஒருத்தர் சைக்கிளோட கெடக்கறாரு. வெளிய துருத்திட்டிருந்த பருத்தி மூட்டையில மோதுனதால தலை தப்பிச்சுது. முழங்கைதான் சிராய்ச்சுப் போச்சு.

எனக்குக் கோவம். "ஏனுங்க, செவப்பு வெளக்கு எரியறது தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க. அதனாலதான் வேகமா மிதிச்சேன். முன்னாடி யாரோ பீடி குடிச்சுட்டுப் போறாங்க, நெருப்பு வாங்கிக்கலாம்னு வந்தேனுங்க."

பத்த வெக்காத பீடி அவரு ஒதட்டுலயே ஒடிஞ்சு தொங்குச்சு.

நாலடி தள்ளிப் போய் நின்னு நானும் பாத்தேன். சத்தியமா பீடிதான். அதுவும் அணையப் போற பீடி.

அதுக்கப்புறம் நான் எங்க கோவப்படறது? அவரையும் சைக்கிளையும் லாரியில ஏத்திக் கொண்டுபோய் ஊட்டுல உட்டேன்.

இன்னைக்குக் காலையில மொத வேலையா, உலகச் சண்டை முடிஞ்சு பட்டாளத்துல கழிச்ச லாரியோட பெரிய பின்வெளக்கு ஒண்ணு வாங்கி, புது ஒயர் இழுத்து மாட்டியாச்சு. சாயங்காலம் அவரு ஊட்டு முன்னாடியே லாரிய நிறுத்தி வெளக்கப் போட்டுக் காட்டுனேன்.

முழங்கையில கட்டோட வந்து, மூஞ்சியெல்லாம் செவப்பு வெளிச்சம் அடிக்க நின்னாரு. "இப்பத்தானுங்க இது லாரி"ன்னாரு.

அப்புறம் ஒரு பீடிய எடுத்து வாயில வெச்சுட்டு என்னையப் பாத்தாரு. "நெருப்பு இருக்குதுங்களா?"

லாரி வெச்சிருக்கறவங்க ஒருதடவை வண்டிக்குப் பின்னாடி போய் நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க. உங்குளுது வெளக்கா, பீடியா?