வாசலில் நிமிர்ந்த கார்கள்

வீட்டையே பட்டறையாக்கிக்கொண்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், மற்றவர்களுக்கு இது புரியாது: கார்த் தகரம் சுத்தியலுக்கு அடங்கும், தெரு அடங்காது. எண்பதுகளில் திண்டிவனத்தில் டிங்கர் வேலை செய்தேன். பட்டறைக்குத் தோதாக இடம் அமையவில்லை. நசுங்கின கார்களை எல்லாம் வீட்டு வாசலிலேயே நிறுத்தித் தட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுப்பேன்.

தாலாட்டு

பக்கத்து வீட்டு மல்லிகாவுக்குக் கைக்குழந்தை. நான் சுத்தியலை எடுத்தாலே அது வீறிடும். மல்லிகா வந்து சண்டை போட்டுவிட்டுப் போவாள். அவள் பக்கம்தான் நியாயம். ஆனால் கார்க் கதவைத் தட்டாமல் எப்படி நிமிர்த்துவது? ஆட்டத்தில் அழாது என்று, தொட்டில் ஆடும் நேரமாகப் பார்த்துப் பார்த்துத் திருடன் மாதிரி தட்டினேன்.

நாள் போகப் போகச் சண்டை நின்றுவிட்டது. 'தாயும் பிள்ளையும் ஊருக்குப் போயிருப்பார்கள்' என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பட்டி காயட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். மல்லிகா குழந்தையும் கையுமாக ஓடி வந்தாள். "அண்ணே, என்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? நீங்க தட்டினாதான் இது தூங்குது. சும்மானாச்சும் ரெண்டு தட்டு தட்டுங்கண்ணே!"

ஒரே ஒரு கதவு

வானூரில் ரைஸ் மில் வைத்திருந்த சிகாமணி அப்போதுதான் கார் ஓட்டப் பழகியிருந்தார். மில் கேட்டில் இடித்து, ஒரு கதவு அப்பளமாகிவிட்டது. "எங்க வீட்ல விழுப்புரத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்குது. வர்றதுக்குள்ள ஜல்தி முடிச்சிடுப்பா. தெரிஞ்சா பேஜாரு" என்றார். ராப்பகலாக உழைத்தேன். தடவிப் பார்த்தால்கூட இடித்த இடம் தெரியாது. அவருக்குப் போன உயிர் வந்தது.

அடுத்த வாரம் அதே கார் வாசலில் வந்து நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்க, அவர் மனைவி இறங்கி என்னிடம் வந்தார். "சுத்திலும் சொட்டையா இருக்கிற வண்டியில ஒரு கதவு மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தா எனக்குத் தெரியாதுங்களா? மீதியையும் நிமிர்த்திக் குடுங்க. இனிமே இவரு எங்க இடிச்சாலும் எனக்குத் தெரியணும்."

மாப்பிள்ளை கார்

முகையூர் கோவிந்தசாமி நாலு ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்தவர். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சொந்தக்காரர் ஒருவரின் வெள்ளை அம்பாசிடரைக் கேட்டு வாங்கியிருந்தார். வாங்கி வரும் வழியில் டிராக்டர் பின்னால் வந்து மோதி, பின்பக்கம் உள்ளே போய்விட்டது. அழுகிற குரலில் சொன்னார்: "மாப்ள வூட்டுக்காரங்க கௌரவம் பாக்கிறவங்கப்பா."

அழைப்பன்று காலையில் கடைசிப் பூச்சு அடித்து முடித்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் மல்லாட்டை புடைத்தார்கள். காற்று திரும்பியது. தோலும் தூசியும் பறந்து வந்து ஈர பெயிண்டில் அப்பிக்கொண்டன. துடைக்கப் போனால் பெயிண்டும் சேர்ந்து வந்தது. மறுபடி மெஷினில் அடிக்கலாம் என்றால் கரண்ட் போய்விட்டது. என் மனைவி வசந்தாதான் பூக்கடைக்கு ஓடினாள். பெயிண்ட் தூசியோடு காய்ந்ததும் கூரையிலிருந்து பம்பர் வரைக்கும் பூச்சரமாகத் தொங்கவிட்டு மறைத்தோம். கோவிந்தசாமி பூவை விலக்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் முடிந்து, சரியாக பெயிண்ட் அடிக்க வண்டியைக் கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். "இப்படிப் பூ வெச்ச காரை எங்கயும் பாத்ததில்லன்னு மாப்ள வூட்ல ஒரே பெருமை. ஒரு மாடு மட்டும் அதைத் தின்னுக்கினே மண்டபம் வரைக்கும் வந்துச்சுப்பா!"

எத்தனையோ கார்களை நிமிர்த்தி அனுப்பினேன், குனிந்து குனிந்து வளைந்த என் முதுகுக்குத்தான் இன்னும் ஒரு டிங்கர் கிடைக்கவில்லை.