தங்கைக்கு வந்த புதுப் பதிப்பு

திண்டிவனத்தில் கைடு போடுகிற ஒரு சின்னப் பதிப்பகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது என் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். பாதி வழிக்கு மேல் தாண்டிக் கூட்டேரிப்பட்டு வந்தால்தான் உட்கார இடம் கிடைக்கும். அந்த எரிச்சலோடுதான் ஆபீசுக்குள் நுழைவேன்.

என் தங்கை ஆசிரியர் பயிற்சி முடித்தவள். முடித்த கையோடு கண் நரம்பு வற்ற ஆரம்பித்தது. ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். ஆனாலும் தகுதித் தேர்வு எழுதி டீச்சராகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் கொடுப்பார்கள். பாடத்தைப் படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

அதற்கும் எங்கள் தகுதித் தேர்வு கைடிலேயே வழி இருந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு க்யூஆர் கோடு. போனைக் காட்டினால் ஒரு டீச்சரம்மா பாடம் முழுவதையும் நிதானமாக வாசிப்பார். கோடு எந்த மூலையில் இருக்கிறதென்று தங்கைக்குத் தெரிய வேண்டுமே? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தேன். விரலால் பொட்டைத் தடவிக் கண்டுபிடித்து, போனைப் பிடிப்பாள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே கேட்பாள். "உங்க டீச்சரு தும்மக்கூட மாட்டாங்களாக்கா?" என்று கிண்டல் வேறு. ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் கைடு விற்கும் ஏஜெண்டுகள் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். "இப்ப யாரு சார் ஆடியோ கேக்கறாங்க? பசங்க வீடியோதான் பாத்துக்கினு இருக்காங்க. அடுத்தவங்க கைடுல படம் ஓடுது, க்விஸ்ஸு இருக்குது. நம்மளுத எடுத்துக்கினு போனா சிரிக்கறாங்க."

முன்பு ஆடியோவை ஏற்றிக் கொடுத்த புதுச்சேரி கம்பெனியிடமே இந்த வேலையையும் ஒப்படைத்தார் முதலாளி. கோடு அதேதான், அது திறக்கிற இடத்தில் வீடியோ, க்விஸ் எல்லாம் வரும். "குரலும் இருக்கட்டும் சார்" என்றேன். "அது எங்கம்மா போவப் போவுது? எல்லாம் இருக்கும்" என்றார். அவர் அப்படித்தான் நம்பினார்.

புதுப் பதிப்பு பைண்டிங் முடிந்து வந்தால், முதல் பிரதிக்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். பிறகு அதை யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். இந்த முறை என்னிடம் நீட்டினார். "தங்கச்சிக்குக் குடும்மா. பாஸ் பண்ணிட்டு ஸ்வீட்டோட வரணும்னு சொல்லு." நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பாடத்தின் கோடுக்கு நேராகப் போனைப் பிடித்தேன். புல்லாங்குழல் கேட்டது. தங்கை தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். "மியூசிக்கு நல்லாருக்குக்கா. டீச்சரு இப்ப பேசுவாங்களா?"

நான் திரையைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக நிறங்கள், பறந்து வந்து மறையும் வரிகள். குரல் மட்டும் இல்லை. அடுத்த பாடமும் அப்படியே. "பழைய புக்க எடுக்கா" என்றாள். பொட்டைத் தடவிப் பிடித்தாள். அதே புல்லாங்குழல். அட பாவிங்களா!

மறுநாள் முதலாளியிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அந்தப் புள்ளைக்குப் போயி இதக் குடுத்தனே!" உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: "பழைய ஃபைலுங்கல்லாம் எடத்த அடச்சிக்கினு இருந்துச்சு சார். டெலிட் பண்ணிட்டோம்." டீச்சரம்மா தன் போனில் பேசிப் பதிவு செய்து நேராகக் கம்பெனிக்கே அனுப்பியதால் எங்களிடமும் பிரதி இல்லை. அவரும் அந்தப் போனை மாற்றிவிட்டிருந்தார். அடுத்த பதிப்புக்கு மறுபடி பேச வைக்கலாம் என்றார் முதலாளி. தேர்வு அதுவரை நிற்குமா?

நானே வாசித்தேன். பஸ்ஸில் நின்று வந்த களைப்பில் வரி தவறும், தொண்டை கட்டும், பாதியில் கண் சொருகும். "போதும்கா, போய்ப் படு" என்பாள். மீதிப் பாடங்கள் அப்படியே கிடந்தன. அந்த அரைகுறைப் படிப்போடு போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள்.

முடிவு வந்தபோது என் போனில்தான் பார்த்தேன். தேறவில்லை. கொஞ்ச மார்க்கில் போயிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து என் வாயிலிருந்து வரப்போவதற்காகக் காத்திருந்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"சொல்ல வேணாம்கா" என்றாள். "நீ மூக்க உறிஞ்சறது கேக்குது. எனக்குக் காது நல்லாத்தான இருக்குது."