செக்கிங் டேபிளுக்குப் போன என் ஸ்டாண்டு

என் கழுத்து பிடித்துக்கொண்டது ஒரு திங்கட்கிழமை காலை, வாய் கொப்பளிக்க அண்ணாந்தபோது. அண்ணாந்த தலை இறங்க மறுத்துவிட்டது. வாயில் இருந்த உப்புத் தண்ணீரை விழுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. என் மனைவி ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டிருந்தாள். ஆட்டோ பிடித்து, ஆகாயத்தைப் பார்த்தபடியே டாக்டரிடம் போனேன். சத்துவாச்சாரியில் தலைக்குமேல் இத்தனை கேபிள் வயர்கள் தொங்குவது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எலும்பு டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் கொடுத்த ஊசியில் தலை மெல்லக் கீழே வந்தது. என்ன வேலை என்று கேட்டார். வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு உதவிக் குறிப்பு எழுதுகிறேன், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் சொல்லும் வேலை என்றேன்.

"எப்படி உக்காந்து எழுதுவீங்க? காட்டுங்க சார்."

அவர் மேசையில் இருந்த மருந்துச் சீட்டுக் கட்டை லேப்டாப்பாகப் பாவித்து, தினமும் உட்காருவதுபோல் உட்கார்ந்து காட்டினேன். டாக்டர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிறகு, திரை கண்ணுக்கு நேராக உயர வேண்டும், தட்டச்சுப் பலகை கைக்குப் பக்கத்தில் தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

லாங் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் "ஸ்டாண்டுன்னா சாமி படம் வெக்கவா சார்?" என்று கேட்டார். இன்னொருவர் டிவி மாட்டும் இரும்பு எடுத்துக் காட்டினார். கடைசியில் ஆற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கிடைத்தது. அலுமினியம், மடக்கலாம், விரிக்கலாம், லேப்டாப் வழுக்காமல் பிடிக்க முன்னால் இரண்டு கொக்கிகள். கூடவே வயர் இல்லாத ஒரு கீபோர்டு. நகம் அளவில் ஒரு துண்டை லேப்டாப்பில் செருகினால் போதும், அது பாட்டுக்கு வேலை செய்யும்.

மறுநாளே என் வாழ்க்கை உயர்ந்துவிட்டது. லேப்டாப் நிமிர்ந்து நின்றது, நானும் நிமிர்ந்தேன். மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளைகூட அவ்வளவு நேராக இருந்திருக்க மாட்டான். மூன்று வருடமாக வீடியோ மீட்டிங்கில் என் மூக்குத் துவாரங்களையும் மின்விசிறியையும் மட்டுமே பார்த்துவந்த குழுவினர் முதல்முறையாக என் முழு முகத்தைப் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்தவரா என்று ஒருவர் கேட்டார்.

கீபோர்டை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மடியில் வைத்துக்கொண்டேன். கட்டிலில் சாய்ந்தபடி தட்டினேன். ஒருநாள் மீட்டிங் நடக்கும்போதே பால் பொங்குகிறதா என்று பார்க்கச் சமையலறைக்குக் கையோடு கொண்டுபோனேன். அதன்மேல் அப்பளப் பாக்கெட்டை வைத்துவிட்டேன். கூடத்தில் என் லேப்டாப், என் சார்பில், குழு முழுவதற்கும் வரிசையாக 'ஹ' சத்தம் வரும் ஆங்கில எழுத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளர் ஏதோ நகைச்சுவை சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் சிரித்ததற்கு எனக்கு நன்றி சொன்னார்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் லைன் சூப்பர்வைசர். 'அப்பர்' என்கிற ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடித்ததும் அது அவளுடைய லைனுக்கு வரும். பன்னிரண்டு பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று சொல்வார்கள். இவளும் அவர்களில் ஒருத்தியாகச் சேர்ந்து மேலே வந்தவள்தான். ஆள் குறைந்தால் இன்றும் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு பொருளைக் கையில் எடுத்தாலே அவள் கண் குறையைத்தான் முதலில் தேடும். என்னையும் அப்படித்தான் பார்க்கிறாள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

ஸ்டாண்டு வந்த அன்று சாயங்காலம் பையை வைத்ததும் கேட்டாள்.

"இன்னாங்க இது, லேப்டாப்புக்கு நாற்காலியா?"

"டாக்டர் சொன்னாங்க. கழுத்து குனியக் கூடாதாம்."

"காலைலேந்து ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கினு இருக்கிறவருக்குக் கழுத்து வலி. நல்லா இருக்கு."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் குளித்துவிட்டு வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஸ்டாண்டின் மேல் ஒரு காலண்டர் அட்டையைச் சாய்த்து, அதில் தன் செருப்பு ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். ஸ்டாண்டை இன்னும் ஒரு படி ஏற்றினாள்.

"இது எவ்ளோ வெயிட்டு தாங்கும்?"

"லேப்டாப் தாங்குது. செருப்பு தாங்காதா? எடும்மா அத."

செருப்பை எடுத்தாள். ஈரத்துணியால் ஸ்டாண்டைத் துடைத்தும் வைத்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மேசைக்கு வந்தால் லேப்டாப் மல்லாந்து தட்டையாகக் கிடக்கிறது. கீபோர்டு இருக்கிறது. ஸ்டாண்டு இல்லை. திருடன் வந்திருந்தால் லேப்டாப்பை விட்டுவிட்டு அதன் நாற்காலியை மட்டும் எடுத்துப் போயிருக்க மாட்டான். போன் செய்தேன். எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனதும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், சாப்பாட்டு நேரத்தில்தான் எடுக்க முடியும்.

பத்து மணிக்கு மீட்டிங். குக்கரைக் கவிழ்த்து லேப்டாப்பை மேலே வைத்தேன், ஆடியது. அரிசி டப்பா உயரம் அதிகம். கடைசியில் பீரோவின் மேல் எட்டு வருடமாகத் தூசி வாங்கிக்கொண்டிருந்த எங்கள் கல்யாண ஆல்பங்கள் கண்ணில் பட்டன. மொத்தம் மூன்று, ஒவ்வொன்றும் செங்கல் கனம். அடுக்கினேன். அளவெடுத்ததுபோல் கண்ணுக்கு நேராக வந்து நின்றது திரை. எங்கள் கல்யாணத்தை அவ்வளவு உபயோகமாக நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஸ்டாண்டத் தேடுனீங்களா?"

"எங்க இருக்கு?"

"செக்கிங் டேபிள்ல. அட்டையச் சாய்ச்சி வெச்சா அப்பர் கண்ணுக்கு நேரா வருது. குனியவே வேணாம். பொண்ணுங்க மாத்தி மாத்தி உக்காந்து பாக்குதுங்க."

"என் வேல?"

"உங்க வேல நடக்குதா இல்லியா?"

நடக்கிறது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம், நாளைக்காவது கொண்டுவருவாயா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் கிடையாது என்று அர்த்தம்.

"லைன்ல எல்லாருக்கும் கழுத்து வலியா?" என்று கேட்டேன்.

"யாருக்கு இல்ல?"

"உனக்கு?"

"எனக்குந்தான்."

"எவ்ளோ நாளா?"

"செக்கிங்ல உக்காந்ததுலேந்து."

அது எங்கள் கல்யாணத்துக்கும் முந்தையது.

"ஒரு வார்த்த சொல்லலியே."

"இன்னான்னு சொல்றது? கண்ணு எரியுது, காலு வலிக்குது, கழுத்து வலிக்குதுன்னு தினம் வந்து நியூஸ் வாசிக்கவா? எல்லாருக்கும் அப்படித்தான்னு இருந்தேன். நீங்க ஒரு வாரம் பண்ண அலப்பறையிலதான் இதுக்கு வழி இருக்குன்னே தெரிஞ்சிது."

அவள் தலையணையில் எப்போதும் தைல வாசனை அடிக்கும். அது அவளுடைய வாசனை என்றே எட்டு வருடமாக நினைத்திருந்தேன். பூண்டுத் தட்டை என் பக்கம் இழுத்து உரிக்கத் தொடங்கினேன். நான் உரித்ததை எல்லாம் அவள் ஒருமுறை திருப்பிப் பார்த்தபிறகே கிண்ணத்தில் போட்டாள்.

ஸ்டாண்டைத் திருப்பித் தரச்சொல்லி அதன்பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் கம்பெனியில் அது நிம்மதியாக இருக்கவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் இரண்டாம் நாளே பார்த்துவிட்டு, லேஅவுட் வரைபடத்தில் இல்லாத பொருள் டேபிள்மேல் இருக்கக்கூடாது என்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். இவள் எடுத்தாள். அவர் அந்தப் பக்கம் போனதும் வைத்தாள். ஒரு டீயிலிருந்து அடுத்த டீ வரை ஒருத்திக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒரே ஸ்டாண்டு, பன்னிரண்டு கழுத்து. நான்காம் நாள் ஒருத்தி தன் முறை முடிந்தும் எழுந்திருக்கவில்லை என்று சண்டை வந்துவிட்டது. சத்தம் கேட்டு மேனேஜரே வந்துவிட்டார்.

"இன்னா பேஜார் இங்க? ஒரு தகரத்துக்கா சண்ட?"

நியாயமாக என் மனைவி பயந்திருக்க வேண்டும். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாளாம்.

"சார், ஒரு பத்து ஜோடி மட்டும் நீங்க செக் பண்ணிப் பாருங்க. அஞ்சு கீழ வெச்சி, அஞ்சு ஸ்டாண்டுல வெச்சி."

மேனேஜர் ஆறடி உயரம். பன்னிரண்டு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டார். தட்டை டேபிளில் மூன்றாவது ஜோடியிலேயே பிடரிக்குக் கை போய்விட்டது என்று என் மனைவி நடித்துக் காட்டினாள். ஸ்டாண்டில் ஐந்தையும் முடித்தார். எழுந்தார். ஸ்டாண்டின் உயரத்தைச் சாணால் அளந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் டேப்போடு வந்து, பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கண் உயரத்தை அளந்துகொண்டு போனார். பழைய இரும்பு ஆங்கிளை வெட்டி, பற்றவைத்து, மெஷினுக்கு அடிக்கும் பச்சை பெயின்ட் அடித்துப் பன்னிரண்டு ஸ்டாண்டு செய்துவிட்டார்.

அத்தோடு என் பங்கு முடிந்தது என்று இருந்தேன். ஒரு சனிக்கிழமை மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஹெட் ஆபீஸ்ல ஒரு பிரசன்டேஷன் கேக்குறாங்களாம். இந்த ஸ்டாண்டு விஷயந்தான். நல்லா இருந்தா ஷீல்டு குடுப்பாங்களாம். மேனேஜருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கம்மி. உங்க வீட்டுக்காரர் எழுதித் தருவாரான்னு கேட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். அவர் அனுப்பியிருந்த குறிப்பில் முதல் வரி, 'நீண்ட ஆய்வுக்குப் பின் நான் உருவாக்கிய திட்டம்' என்றிருந்தது. என் ஸ்டாண்டைத் திருடி உருவான திட்டத்தை, என் கல்யாண ஆல்பத்தின்மேல் இருந்த லேப்டாப்பில், அவருடைய ஆய்வு என்று நானே ஆங்கிலப்படுத்தினேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் வீம்புக்கு ஒரு வரி சேர்த்தேன், யோசனை செக்கிங் லைன் சூப்பர்வைசருடையது என்று.

அவள் பின்னால் நின்று படித்தாள்.

"அத எடுத்துருங்க."

"ஏன்? உண்மதான?"

"உண்மதான். பேரு போட்டா நாளைக்கு அந்த மெஷினுக்கு யோசன சொல்லு, இந்த மீட்டிங்குக்கு வான்னு உசிர எடுப்பாங்க. ஷீல்டு அவரு வெச்சிக்கட்டும். எங்களுக்கு ஸ்டாண்டு இருக்கு இல்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பன்னிரண்டு பேரும் இருக்கிற போட்டோவாவது போடறேன்" என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டாள். போட்டோவில் நீலக் கோட்டுப் போட்ட பெண்களுக்கு நடுவில் மேனேஜர் நின்றிருந்தார். ஷீல்டும் வந்தது. அவர் அதை லைனுக்குக் கொண்டுவந்து, இது நம்ம எல்லாருக்கும் என்று சொல்லி, எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தன் ரூமுக்கு எடுத்துப் போய்விட்டார்.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தினரைக் கம்பெனிக்குள் விடுவார்கள். எட்டு வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தவன் இந்த வருடம் போனேன். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. செக்கிங் லைனில் பன்னிரண்டு பச்சை ஸ்டாண்டுகள். ஓரத்தில் ஒரு ஸ்டூலின்மேல் என் அலுமினிய ஸ்டாண்டு, கழுத்தில் சாமந்தி மாலையோடு.

"அக்கா, இவருதான் கழுத்து வலிக்காரரா?" என்று ஒரு பெண் என் மனைவியைக் கேட்டாள்.

"இவரேதான்."

"இப்ப எப்படிண்ணா இருக்கு?"

"கம்மியா இருக்கும்மா. உங்களுக்கு?"

"சாய்ங்காலம் வீட்டுக்குப் போயி எம் பையனத் தூக்க முடியுதுண்ணா" என்றாள். உடனே பொரிப் பொட்டலம் எடுக்கப் போய்விட்டாள்.  நான் ஸ்டாண்டின் மாலையைச் சரிசெய்தேன்.

என் மனைவி ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள். விளக்கைப் போட்டாள். ஒரு கறுப்பு அப்பரைப் பச்சை ஸ்டாண்டில் வைத்து, "பாத்துச் சொல்லுங்க" என்றாள். கழுத்தை நிமிர்த்தி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நீண்ட ஆய்வு செய்தேன். பெண்கள் சுற்றி நின்று பொரி தின்றபடி பார்த்தார்கள்.

"ஓகே" என்றேன்.

அவள் அதைத் திருப்பி, ஓரத்தில் விட்டுப்போயிருந்த தையலை நகத்தால் தொட்டுக் காட்டி, சிவப்புக் கூடையில் போட்டாள்.

"இவர லைன்ல விட்டீங்கன்னா அவ்ளோதான்" என்று மற்றவர்களிடம் சொன்னாள். "பொரி குடுத்து பஸ்ல உக்கார வெய்யிங்க."