என் எண்ணுக்கு வந்த குறுஞ்செய்தி

வெள்ளக்கடையில் எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில் குடியிருந்த பெண்ணுக்கு அப்போது குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தடுப்பூசிக்கு நானும் உடன் போயிருந்தேன். செவிலியர் அட்டையை நிரப்பிக்கொண்டே போன் நம்பர் கேட்டார். அடுத்த ஊசிக்கு முன்னதாக அதில் குறுஞ்செய்தி வரும்.

"உன் ஊட்டுக்காரரு நம்பரச் சொல்லு கண்ணு."

"அது லாரியோடயே போயிருமுங்க. ஆந்திராவுல மெசேஜ் வந்தா அவரே ஊசி போட்டுக்கிட்டு வந்துருவாரு."

செவிலியர் சிரித்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கக்கா, உங்க நம்பரக் குடுக்கட்டுங்களா? ஒம்பதாம் மாச ஊசி போட்டாப் பிரசவ உதவிப் பணத்துல கடைசித் தவணை வருமாமா. அதுல ஒரு போன் வாங்கிட்டா அப்புறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேனுங்க."

கொடுத்தேன். பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வேலை பார்த்தபோது, இந்தத் திட்டத்தைப் பற்றிய செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவள் நான். தாய்மார்களின் போனுக்கு நினைவூட்டல் வரும் என்று அதில் இருந்தது. போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நிருபரிடம் நான் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு ஊசிகளுக்கும் செய்தி வந்தது. இரண்டு முறையும் இறங்கிப் போய்ச் சொன்னேன். அவள் அட்டையைத் துணிப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிட்டாள். "நீங்க இருக்கறப்ப அட்டை எதுக்குங்கக்கா?" என்றாள்.

மூன்றரை மாதத்தில் போடும் ஊசிக்குப் பிறகு ஒன்பதாம் மாதம் வரை நீண்ட இடைவெளி. குழந்தை கவிழ்ந்தது, தவழ்ந்தது. நான் வாசலில் நின்று "சாமி" என்று கூப்பிட்டால் போதும், கீழேயிருந்து குழந்தை தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

தட்டம்மை ஊசிக்கான செய்தி வந்தபோது நான் சேலத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்ற செய்திகளுக்கு நடுவே அது இருந்தது. படித்தேன். புதன்கிழமை ஊசி. திங்கள்கிழமை மலையேறி ஊருக்கு வந்தபோது அவள் வீடு பூட்டியிருந்தது. காப்பிப் பழம் பறிக்கக் குழந்தையோடு நாகலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாகலூருக்குப் பஸ் இருக்கிறது. நான் ஏறவில்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு நினைக்கவே இல்லை. செவிலியரும் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

பறிப்பு முடிந்து அவள் திரும்பிய வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல். கண் சிவந்தது, காதோரம் தொடங்கி உடம்பெல்லாம் தடிப்பு. சேலம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். குழந்தையின் காதிலிருந்து வடிந்த சீழைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஊசி போடவில்லையா என்று டாக்டர் கேட்டாராம்.

"மெசேஜ் வந்தா அக்கா சொல்லுவாங்கன்னு இருந்தேனுங்க. வரவே இல்லீங்களா?"

"வந்தது," என்றேன். எப்போது வந்தது, எங்கே வைத்துப் படித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் துணியைத் திருப்பி மடித்து மறுபடி ஒற்றினாள்.

குழந்தை உயிர் பிழைத்தது. உடம்பு தேறியபின் அந்த ஊசியும் போட்டார்கள், கடைசித் தவணையும் வந்தது. சேலத்துக்குக் காதுப் பரிசோதனைக்குப் போய்வந்ததில் அது கரைந்தது. போன் வாங்கவில்லை. அம்மையால் இருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். இரண்டு காதும் கேட்கவில்லை.

அட்டையில் என் நம்பரே இருக்கிறது. மாற்றச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இப்போது போனின் சத்தத்தை முழுதாக வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை எங்களுக்கு முதுகு காட்டி, காய்ந்த காப்பிக் கொட்டைகளை ஒவ்வொன்றாக டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் போன் ஒலித்தது. மேய்ந்துகொண்டிருந்த கோழி தலையைத் தூக்கியது. அவள் போனைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அடுத்த கொட்டையை எடுத்தாள்.

"ஊசிங்களாக்கா?"

"ஆமா. ஒன்றரை வயசு ஊசி. வர்ற புதன்கிழமை."

"சரிங்க," என்று உள்ளே போய்த் துணிப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தாள்.