பூட்டண்ணன் பார்த்த இரண்டு நிறக் கடல்

எங்கள் தெருவிலேயே அதிகம் ஊர் சுற்றியவர் பூட்டண்ணன். அதிகம் உட்கார்ந்தே இருந்தவரும் அவர்தான். இரண்டுமே ஒரே வேலையால் வந்தவை: அவர் சுற்றுலா வேன் ஓட்டுநர். வேனின் பின்கண்ணாடியில் 'ஆறு நாளில் தென்னிந்தியா' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அந்த ஆறு நாளை எத்தனை தடவை ஓட்டியிருப்பார் என்று முதலாளிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மலை, ஏரி, கோட்டை, அருவி, கடைசியில் கடலோரம் ஒரு கலங்கரை விளக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த வளைவுக்கு எந்த கியர் என்பதோடு சேர்த்து ஒப்பிப்பார்.

பெயர் வந்த கதை சின்னது. அந்த வேனின் பக்கக் கதவுக்குப் பூட்டு விழாது. சாவியைத் திருப்பினால் திரும்பும், 'டக்' என்று சத்தமும் வரும். இழுத்தால் கதவு மரியாதையாகத் திறந்துகொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அதை முதலாளியிடம் சொன்னார். முதலாளியைக் கஞ்சன் என்று சொல்ல முடியாது. இருக்கைக்கு வெல்வெட் உறை போட்டவர், பாட்டுக்கு நாலு ஸ்பீக்கர் வைத்தவர். பூட்டுக்கு மட்டும் எப்போதும் ஒரே பதில்.

"பாசஞ்சர் சாமான் உள்ள இருக்கு. எப்படியும் நீ வண்டிலதான் இருக்கணும். நீ இருக்கும்போது பூட்டு எதுக்குய்யா?"

இதில் தப்பு கண்டுபிடிக்க அவருக்குத் தெரியவில்லை. மற்ற ஓட்டுநர்கள் அவரைப் 'பூட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் தெரு ஓர் 'அண்ண'னைச் சேர்த்து மரியாதை செய்தது.

ஆகவே பூட்டண்ணன் தெற்கே போகாத இடம் கிடையாது. எந்த இடத்துக்குள்ளும் போனதும் கிடையாது. மலை என்றால் அவருக்கு அடிவாரம். ஏரி என்றால் டிக்கெட் கவுன்ட்டர். கோட்டை என்றால் பாசி படிந்த பின்சுவர். கலங்கரை விளக்கத்தின் கீழ்ப்பாதி முன்கண்ணாடியில் தெரியும். மேற்பாதியை வேனின் கூரை மறைத்துவிடும். பக்கத்து வண்டிக்காரரிடம் 'கொஞ்சம் பாத்துக்க' என்று சொல்லிவிட்டு ஒண்ணுக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஆனால் பயணக் குறிப்பு கேட்க வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும். எந்த நிறுத்தத்தில் மதியத்துக்கு மேல் எந்தப் பக்கம் நிழல் விழும், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், எந்தக் கடையில் குளிர்பானம் நிஜமாகவே குளிர்ந்திருக்கும் என்பதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. மீதி எல்லாம் கைமாறி வந்தது. வியர்த்துப்போய் வண்டிக்குத் திரும்புகிறவர்களிடம் ஒன்றுமே தெரியாதவர்போல் கேட்பார்: "எப்படி இருந்துச்சு? எந்தப் பக்கமா போனீங்க?" அவர்கள் இறக்கிவைத்ததை அடுத்த கூட்டத்திடம் ஏற்றிவிடுவார். "கோட்டைக்குள்ள நேரா போகாதீங்க, கிணத்துப் பக்கமா சுத்திப் போங்க, கூட்டமே இருக்காது" என்பார், அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் மாதிரி.

அவருடைய குறிப்புகளில் மிகவும் புகழ்பெற்றது இரண்டு நிறக் கடல். வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு பயணி கலங்கரை விளக்கத்திலிருந்து இறங்கி வந்து, கூலிங் கிளாஸைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்கச் சொன்னார்: "மேல கிழக்குப் பக்கம் நின்னு பாருங்க டிரைவர். கடல் மேல பாதி கரும்பச்சை, கீழ பாதி வெளிர்பச்சை. கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நிக்குது!" அன்றிலிருந்து ஏறுகிற ஒவ்வொருவரையும் பூட்டண்ணன் கிழக்குப் பக்கம் அனுப்பிவைத்தார். இறங்கி வந்தவர்களில் ஒருவர்கூட இல்லையென்று சொன்னதில்லை. "சூப்பர்ணே!" என்றார்கள். அவ்வளவு படி ஏறிவிட்டு ஒரே நிறம்தான் தெரிந்தது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

வீட்டில்தான் சிக்கல். அவர் மனைவிக்குத் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை. இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்கும் மேசைக்கும் நடுவே அந்த அம்மாள். கணவர் ஒவ்வொரு பயணம் முடிந்து வந்து சொன்ன கதைகளை எல்லாம் அவரே கண்ணால் பார்த்த கதைகளாக அந்த அம்மாள் நம்பினார். நம்பாமல் எப்படி? முதல் தடவை "அருவி எப்படிங்க இருந்துச்சு?" என்று அவர் ஆசையாகக் கேட்டபோது, "நான் வண்டிலயே இருந்தேன்" என்று சொல்லப் பூட்டண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. "குளிச்சேன், முதுகுல அடிக்குது பாரு, கல்லெடுத்து எறிஞ்ச மாதிரி" என்றுவிட்டார். அதற்குப் பிறகு வாபஸ் வாங்க வழி இல்லை. வருடம் ஏற ஏற அவர் குளித்த அருவிகளும் ஏறின.

அந்த அம்மாள் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. நகல் எடுக்க வருகிறவர்கள் விடுமுறைப் பேச்சை எடுத்தால் போதும். "கலங்கரை விளக்கம் போறீங்களா? கிழக்குப் பக்கம் நில்லுங்க. எங்க வீட்டுக்காரர் எத்தனையோ தடவை பாத்திருக்காரு." கடையில் எதற்காவது அவர் தலை நிமிர்ந்து பேசினார் என்றால் இதற்குத்தான்.

"என்னை எப்பங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்பது மட்டும் பாக்கியாக நின்றது. பூட்டண்ணன் பயணக் குறிப்புகளைக் கொண்டே பயணத்தைத் தடுத்தார். கோடையில் கூட்டம் தாங்காது. மழையில் பாறை வழுக்கும். மற்ற மாதங்களில் அருவியில் தண்ணீர் இருக்காது. கூடப் போனால் ஒரே நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதுதான் உண்மையான பருவநிலை.

கடைசியில் முதலாளிதான் மாட்டிவிட்டார். ரயிலில் வரும் ஒரு கூட்டத்தைத் தெற்கே ஒரு ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு, கடலில் தொடங்கி மலையில் முடிக்க வேண்டும். போகும்போது வண்டி காலி. ஜெராக்ஸ் எடுக்க வந்த முதலாளி, தாராள மனசோடு அந்த அம்மாளிடமே சொன்னார்: "காலி வண்டிதானே போகுது, ஏறிக்கோங்கம்மா. வரும்போது ரயில்ல வந்துருங்க."

அன்று மாலை பூட்டண்ணன் வீட்டுக்குள் நுழையும்போது துணி மடித்து வைத்தாகிவிட்டது. துணைக்கு அந்த அம்மாளின் தம்பியும் தயார். விடுப்பில் வந்திருந்தவர், வாயை மட்டும் விடுப்பில் விடாதவர்.

"மாமா, நீங்கதான் கைடு. நான் வெறும் கூட்டம்," என்றார் மச்சான்.

"இந்த மாசம் காத்து ஜாஸ்தி..." என்று ஆரம்பித்தார் பூட்டண்ணன்.

"அடிக்கட்டும். நான் ஜெராக்ஸ் பேப்பர் இல்ல, பறந்து போக," என்றார் மனைவி.

வழியெல்லாம் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து மிச்சமிருந்த கதைகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். பூட்டண்ணன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக அவர் என்றுமே ஓட்டியதில்லை. ஒரு டயராவது பஞ்சராகும் என்று எதிர்பார்த்தார். நாலும் உருண்டன. கலங்கரை விளக்கத்தின் கீழ்ப்பாதி முன்கண்ணாடியில் வந்து நின்றது. வழக்கமான நிழலில், வழக்கமான கோணத்தில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. கிழக்குப் பக்கம் நில்லுங்க."

"நீங்க?"

"வண்டில சாமான் இருக்கும்மா. கதவு பூட்டாதுன்னு தெரியும்ல."

"சாமானா? என்னோட ரெண்டு சட்டையும் அக்காவோட பையும் மாமா," என்றார் மச்சான். "எடுக்கிறவன் பாத்துட்டு, பாவப்பட்டு இன்னொரு சட்டை வச்சுட்டுப் போவான்."

மனைவி பையைத் திறந்து, கடை ஷட்டருக்குப் போடுகிற இரும்புச் சங்கிலியையும் தடித்த பூட்டையும் எடுத்தார். கதவுக் கைப்பிடியையும் பக்கத்து ஜன்னல் கம்பியையும் சேர்த்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பூட்டு விழுந்தது. இழுத்துப் பார்த்தார். இத்தனை வருடம் ஓர் ஆள் உட்கார்ந்து செய்த வேலையை அது ஒரு மூச்சில் செய்துவிட்டது.

"இப்ப இறங்குங்க," என்றார்.

பூட்டண்ணன் இறங்கினார். முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார். அது அவ்வளவு உயரம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே சுழல்படி. நடுவழியில் அவருக்கு மூச்சு முட்டியது. இரண்டு தோளும் சுவரில் உரச, மேலே போகவும் முடியாமல், கீழே ஆள் நிற்பதால் இறங்கவும் முடியாமல், ஸ்டியரிங்கே இல்லாத ஒரு சீட்டில் மாட்டிக்கொண்டதுபோல் நின்றார்.

"எத்தனையோ தடவை ஏறின ஆளுக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்றார் பின்னாலிருந்து மனைவி.

"வயசாகுதுல்ல," என்றார் அவர்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. வெளிவட்டத்துக்குத் திறக்கும் கதவருகே நின்று பூட்டண்ணன் இடமும் வலமும் பார்த்தார்.

"கிழக்கு எந்தப் பக்கம் மாமா?" என்றார் மச்சான்.

கடல் மூன்று பக்கமும் இருந்தது. சூரியன் உச்சியில். பூட்டண்ணன் துணிந்து வலப்பக்கம் கை காட்டினார். அங்கே போனால் அவர்கள் விட்டுவந்த வேனின் கூரை தெரிந்தது. நல்லவேளையாக இடப்பக்கத்தில் ஒரே கூட்டம். ஒருவர் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார்: "இதுதான் கிழக்கு. ரெண்டு கலர் பிரியுது பாருங்க. ஒரு டிரைவர்தான் முதல்ல கண்டுபிடிச்சாராம்." எல்லோரும் 'ஆமா, ஆமா' என்றார்கள். ஒருவர் கோடு எங்கே என்று விரலால் வரைந்தே காட்டினார்.

மனைவி கூட்டத்தை விலக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒரே கலர்தாங்க தெரியுது."

மச்சான் கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டு, "நல்லா பாருக்கா, மேல கருப்பா, கீழ வெளுப்பா..." என்றார்.

அந்த அம்மாள் தம்பியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி அந்தக் கண்ணாடியைக் கழற்றி, தான் போட்டுப் பார்த்தார். கழற்றினார். மறுபடி போட்டார். கண்ணாடியின் மேல்பாதி அடர்ந்தும் கீழ்ப்பாதி வெளிறியும் இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கணவரிடம் கேட்டார்.

கம்பிக்கும் மனைவிக்கும் நடுவில் பூட்டண்ணனுக்கு நகர இடமில்லை.

"ஒரே கலர்தான்," என்றார்.

"போன தடவை?"

"போன தடவைன்னு ஒண்ணு இல்லம்மா."

மனைவி கண்ணாடியைத் தம்பி கையில் திணித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். "கோட்டை?"

"பின்சுவர்."

"ஏரில படகு?"

"டிக்கெட் விக்கிற இடம் தெரியும்."

"அருவி? முதுகுல கல்லடிச்ச மாதிரின்னீங்களே?"

"சத்தம் கேக்கும். சாரல் கண்ணாடில வந்து விழும். வைப்பர் போடுவேன்."

அந்த அம்மாள் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேனே. எங்க வீட்டுக்காரர் எத்தனையோ தடவை பாத்திருக்காருன்னு." அப்புறம், "என்கிட்டயாவது சொல்லிருக்கலாம். நானும் ஒரு ஸ்டூல்லதானே உக்காந்திருக்கேன்."

இருவரும் ஒரே நிறக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் இடம் கேட்டுத் தள்ளும்வரை அந்த அம்மாள் நகரவில்லை. எப்போதோ பற்றிக்கொண்ட கணவரின் கையை விடவும் இல்லை.

ஸ்டேஷனில் பிரியும்போது மனைவி சங்கிலியையும் பூட்டையும் அவர் கையில் வைத்தார். "கடைக்கு இன்னொண்ணு வாங்கிக்கிறேன். இனிமே இறங்கிப் பாருங்க. பாத்ததை மட்டும் வந்து சொல்லுங்க."

பூட்டண்ணன் முதலாளிக்கு போன் போட்டார். கதவுக்கு வழி கண்டுபிடித்துவிட்ட செய்தியை உற்சாகமாகச் சொன்னார்.

"சங்கிலியா?" என்றார் முதலாளி. "பெயின்ட் அடிச்சு எத்தனை நாளாச்சு? கீறிடும்யா. அதுவும் பாசஞ்சர் பாத்தா என்ன நினைப்பாங்க, வண்டில திருட்டு பயம்னுதானே? நீ இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு?"

சங்கிலி சீட்டுக்கு அடியில் போனது. புதுக் கூட்டம் ஏறியது. முதல் நிறுத்தம் அதே கலங்கரை விளக்கம். அதே நிழல், முன்கண்ணாடியில் அதே கீழ்ப்பாதி. இறங்குவதற்கு முன்னால் ஒருவர் கேட்டார்: "அண்ணே, மேல ரெண்டு கலர்ல கடல் தெரியுமாமே?"

"இல்லைங்க. ஒரே கலர்தான்," என்றார் பூட்டண்ணன். அவர் தந்த பயணக் குறிப்புகளிலேயே ஓர் இடத்துக்குள் போய்த் தன் கண்ணால் பார்த்துச் சொன்னது அது ஒன்றுதான். "ஆனா நல்லா இருக்கும். காத்து ஆளைத் தள்ளும், கம்பியைப் பிடிச்சுக்கோங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது வியர்வையோடு வெற்றியும் வழிந்தது.

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க! ரெண்டு கலரும் கோடு போட்ட மாதிரி தெரியுது!" என்றார் அவர். ஏறி உட்கார்ந்ததும், பின்னால் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டதாக நினைத்துச் சொன்னார்: "பாவம், இவரு வண்டிய விட்டு இறங்கினதே இல்ல போல."

பூட்டண்ணன் சீட்டை முன்னால் இழுத்தார். அடியில் சங்கிலி குலுங்கியது. கதவைச் சாத்திவிட்டார்களா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.