ஹட்பே என்னும் கிளை

வைஜெயந்தி இயல்பிலேயே பயந்த சுபாவம். கப்பல் ஏறினால் கரை வரும்வரை கண்ணைத் திறக்கமாட்டாள். தீவின் உள்ளூரான பெரார்கஞ்சில் பிறந்தவள், இப்போது நகரத்தில் டெய்ரி ஃபார்ம் என்னும் பகுதியில் வாடகை வீடு. பக்கத்துப் பகுதியான ஜங்லிகாட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. தீவு மருத்துவமனைகளின் கணினிகளை இணைத்துப் பராமரிப்பது அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம்.

யார் யார் உள்ளே நுழையலாம் என்று கணினிக்குச் சொல்லும் டைரக்டரி அவள் பொறுப்பில் இருந்தது. அது ஒரு மரம் மாதிரி. ஒவ்வோர் ஊரும் ஒரு கிளை, கிளைக்குக் கீழே ஊழியர்களின் பெயர்கள். முன்பிருந்தவர்கள் மனம்போனபடி பெயர் வைத்திருந்ததால், கடல் தாண்டி இருக்கும் ஹட்பேக்கு இரண்டு கிளைகள் முளைத்திருந்தன. சேர்த்து எழுதியது ஒன்று, இடைவெளி விட்டு எழுதியது ஒன்று. ஒன்றில்தான் ஆட்கள், மற்றது வெறும் கூடு. மழை கொட்டிய ஒரு பிற்பகலில் அந்த வெற்றுக் கிளையை நீக்கினாள்.

சற்றைக்கெல்லாம் ஹட்பேயிலிருந்து நர்ஸ் இந்திராணியின் போன்.

"மேடம், லாகின் ஆகவே மாட்டேங்குது. பிரசவ கேஸ், ரத்தம் நிக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் போனாத்தான் ஹெலிகாப்டர் கேக்க முடியும். நெட் போயிடுச்சா? வெயிட் பண்ணவா?"

திரையைப் பார்த்தாள். வெற்றுக் கிளை அப்படியே இருந்தது. ஆட்கள் இருந்த கிளையைக் காணோம். பெயர் குழம்பி அதைத்தான் நீக்கியிருந்தாள்.

பின்னால் வந்து நின்ற மேலாளர் பக்தவத்சலம் நொடியில் புரிந்துகொண்டார். "நெட் டவுன்னு சொல்லிடு. இங்க அடிக்கடி போறதுதானே, யாரும் சந்தேகப்படமாட்டாங்க," என்று கிசுகிசுத்தார்.

உண்மைதான். ஆனால் நெட் போனதாகச் சொன்னால், அது வரும்வரை காத்திருப்பார்கள். அங்கே ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை.

"சிஸ்டர், நெட் இருக்கு. தப்பு என்னுது, உங்க பேரை நான் அழிச்சிட்டேன்," என்றாள். "வெயிட் பண்ணாதீங்க. பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு நேரா போன் போட்டு வாயாலயே சொல்லுங்க. ஜல்தி!"

மறுமுனை உடனே துண்டித்தது.

நீக்கியவை கொஞ்ச நாள் கிடக்கும் தொட்டியைத் திறந்து, இந்திராணியின் பெயரை மீட்கப் பார்த்தாள். மறுத்தது. மறுபடியும் மறுத்தது. அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். பிறகுதான் உறைத்தது: கிளையே இல்லாதபோது இலை எதில் ஒட்டும்? முதலில் ஹட்பேயை மீட்டாள். அதன்பின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ரிப்போர்ட்டும் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் டாக்டர் போனிலேயே கேட்டு ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசல்வரை போனாள். உள்ளே நுழையத் துணிவில்லை. வெளியே வந்த நர்ஸிடம், "ஹட்பேலேர்ந்து வந்தவங்க…" என்று இழுத்தாள்.

"தாய் பொழைச்சிட்டா. குழந்தை இன்குபேட்டர்ல இருக்கு."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மற்ற ஊர்க் கிளைகளைச் சரிசெய்யும் வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கும்படி மேலாளரிடம் கெஞ்சினாள். அவர் முகம் கொடுக்காமல், "தூஸ்ரா கோயி நஹீ, வேற ஆள் இல்ல. நீதான் முடிக்கணும்," என்றார்.

எந்தக் கிளையையும் தவறுதலாக நீக்க முடியாதபடி முதலில் பூட்டுப் போட்டாள். பிறகு அடுத்த கிளையான கார் நிகோபாரைத் திறந்தாள். எதையும் தொடும் முன், உள்ளே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.