காஜாக்காவின் நம்பர்

சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, போடும் மெஷினில் பல வருஷமாக உட்கார்ந்திருந்ததால் கம்பெனியில் அவளைக் காஜாக்கா என்றே கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டாள். கணவன் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். அதே கம்பெனியில் தையல் வரிசையில் இருந்த அண்ணியின் சம்பளமும் இவள் சம்பளமும் சேர்ந்துதான் வீடு ஓடியது. இவளிடம் இருந்தது பட்டன் போன். "சட்டைக்கும் பட்டன், போனுக்கும் பட்டனா?" என்று கேலி செய்வார்கள். சிரித்துவிட்டுப் போவாள்.

கழிப்பறைக்குப் போக அங்கே டோக்கன் வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரே டோக்கன். போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதைப் பற்றிப் பேசப் பெண்கள் போனில் ஒரு குரூப் தொடங்க நினைத்தார்கள். நம்பரே கேட்காத ஆப் ஒன்று இருக்கிறது, ஏதாவது ஒரு பெயர் போதும் என்றாள் ஒருத்தி. அயர்ன் போடும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்பர் இல்லாம யாரு என்னன்னு எப்படி நம்பறது? சூப்பர்வைசரே பொம்பளை பேர்ல வந்து உக்காந்துக்குவான்."

அதனால் நம்பர் கேட்கும் ஆப்பிலேயே குரூப் அமைந்தது. கம்பெனிக்குள் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது கட்டுப்பாடு.

அண்ணிக்குத் தன் நம்பரில் சேரப் பயம். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த காஜாக்காவிடம் வந்தாள்.

"உன் நம்பரைப் போட்டு என் போன்ல குரூப்ல சேர்ந்துக்கறேன். உன் போனுக்கு ஒரு கோட் வரும். அதைச் சொன்னா போதும். நீதான் அந்த ஆப்பே வெச்சிருக்கலையே."

"வம்பு ஏதும் வராதே அண்ணி?"

"பேரு, போட்டோ எதுவும் போடமாட்டேன். பூப்படம்தான்."

கோட் வந்தது. சொன்னாள். குரூப்பில் இருந்தவர்கள் நம்பரைப் பார்த்து, காஜாக்காவும் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணி நன்றாக எழுதினாள். 'நாளைக்கு யாரும் டோக்கன் வாங்க வேண்டாம். முதல் ஆள் எழுந்ததும் எல்லோரும் எழுவோம்' என்று அவள் எழுதிய மறுநாள் ஒரு தளமே எழுந்து நின்றது. யாரும் சொல்லாமலே காஜாக்காவும் எழுந்தாள்.

குரூப்பில் இருந்த யாரோ அந்தச் செய்தியை அப்படியே ஆபீசில் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். பூப்படத்தின் மேலே நம்பர் இருந்தது. வேலைக்குச் சேரும்போது கொடுத்த நம்பர்களோடு ஒத்துப்பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

மேனேஜர் காஜாக்காவைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"இது உங்க நம்பர்தானே?"

"ஆமா சார். ஆனா அந்த ஆப் எனக்குத் தெரியாது."

"நம்பர் உங்களுது, எழுதினது பக்கத்து வீட்டுக்காரங்களா?"

அண்ணியின் பெயர் தொண்டைவரை வந்தது. அண்ணன் படுத்திருக்கும் கட்டிலும் கண்ணில் வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். அன்றே வேலை போனது.

சாயங்காலம் அண்ணி அழுதாள். "நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன்."

கட்டிலில் இருந்து அண்ணன் சொன்னார், "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்துட்டா அடுப்பு எப்படி எரியும்?"

அண்ணி அழுகையை நிறுத்தினாள். அவள் சொன்ன அந்த 'நாளை' வரவே இல்லை.

காஜாக்கா மற்றக் கம்பெனிகளில் வேலை கேட்டாள். நம்பரைச் சொன்னதும், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்பார்கள். ஒரு வாட்ச்மேன்தான் மனசு கேட்காமல் சொன்னார்: "உங்க நம்பர் எல்லா ஆபீசுக்கும் போயிடுச்சும்மா. வீணா நடக்காதீங்க." புது நம்பர் வாங்கினாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் போர்வை மடிக்கும் வேலை கிடைத்தது. அண்ணன் வீட்டை விட்டு ஓர் அறைக்கு மாறினாள்.

கம்பெனியில் டோக்கன் முறையையே எடுத்துவிட்டார்கள். அயர்ன் அக்கா தெருவில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எழுதினது இன்னும் என் போன்ல இருக்கு. உன்னால இப்ப நிம்மதியா போயிட்டு வர்றோம்." காஜாக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

லீவு நாளில் அண்ணி ஏதாவது பொட்டலத்தோடு வருவாள். அண்ணனின் முதுகைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என் மேல கோபமா உனக்கு?"

காஜாக்கா பொட்டலத்தை அலமாரியில் வைத்தாள்.

"கோபப்பட்டா அப்புறம் நல்லது கெட்டதுக்கு எந்த வீட்டுக்கு அண்ணி நான் வர்றது?"